சம்பளம் நின்ற வருடத்தில் விவாகரத்து: எதை முதலில் பிரிப்பது?

திருப்பூரில் ஆர்டர் குறைந்து பாதி ஷிஃப்ட் மட்டும் ஓடும் வீடானாலும் சரி, ஓஎம்ஆரில் ஐடி வேலை போய் நோட்டீஸ் காலமும் முடிந்த வீடானாலும் சரி, ‘பிரிஞ்சிடலாம்’ என்ற பேச்சோடு இன்னொரு கேள்வியும் ஒட்டிக்கொண்டே வருகிறது. இந்த நிலைமையில் எப்படி? இரண்டு வாடகைக்கு எங்கே போவது? அந்தக் கேள்வியிலேயே நின்றுபோய், ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் வருடக்கணக்கில் வாழ்பவர்கள் உண்டு. கோபத்தில் ‘எனக்கு ஒண்ணும் வேண்டாம், விட்டாப் போதும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் தவிப்பவர்களும் உண்டு. இரண்டுமே தவிர்க்கக்கூடியவை.

விவாகரத்து என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். உள்ளே மூன்று வேலைகள் இருக்கின்றன: கணவன் மனைவியாக வாழ்வதை நிறுத்துவது, வரவு செலவையும் கடனையும் பிரிப்பது, கோர்ட்டில் தீர்ப்பு வாங்குவது. கையில் பணம் புரளும் காலத்தில் மூன்றையும் சேர்த்தே முடித்துவிடலாம். பணம் இறுகிய காலத்தில் எதை முன்னால் செய்வது, எதைத் தள்ளிவைப்பது என்ற வரிசை தவறினால் லட்சக்கணக்கில் நஷ்டமாகும்.

ஒரு விஷயத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அடி உதை இருக்கும் வீட்டில் பொருளாதாரம் சரியாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 2005ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் தங்கும் உரிமை மனைவிக்கு உண்டு. விவாகரத்து மனு போடாமலேயே பாதுகாப்பு ஆணை, தங்கும் உரிமை ஆணை, மாதச் செலவுக்குப் பணம் எல்லாம் அந்தச் சட்டத்தில் கேட்கலாம். 181 பெண்கள் உதவி எண். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். வக்கீல் ஃபீஸுக்குப் பணம் இல்லையென்றால், கோர்ட் வளாகத்திலேயே உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம். பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி கிடைக்கும்; வருமான வரம்பு கிடையாது. நல்ல வேலையில் இருக்கும் பெண்ணும் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

மற்ற வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது, சண்டைக்கு வயது எத்தனை என்பது. சம்பளம் நிற்பதற்கு முன்பே ஒத்துவராத வாழ்க்கையா, அல்லது வேலை போன பிறகு வெளியே வந்த மறைத்த கடன், ஆன்லைன் டிரேடிங் நஷ்டம், கடன் ஆப் மிரட்டல் இவற்றால் வந்த விரிசலா? இரண்டாவது வகை என்றால், கல்யாணத்தைப் பிரிப்பதற்கு முன் பணத்தை மட்டும் பிரித்துப் பார்க்க இடமிருக்கிறது. சம்பளக் கணக்கைத் தனியாக்குங்கள். இருவரும் கிரெடிட் ரிப்போர்ட் எடுங்கள். கடன் விவரங்களைத் தொகுக்கும் சிபில் போன்ற ஒவ்வொரு நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். புதிதாக எதற்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். ஆறு மாதம் இப்படி இருந்த பிறகும் மனசு பிரிவையே கேட்டால், அப்போது எடுக்கும் முடிவு பயத்தில் எடுத்ததாக இருக்காது.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வேலை போனதோ கடனானதோ மட்டும் இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்குக் காரணமாகாது. கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டுப் போனது, வேறொருவருடன் உறவு என்று சட்டத்தில் சொல்லியிருக்கும் காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். எதிர்த்து நடத்தும் வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக வருடக்கணக்கில் இழுக்கும். வருமானம் இல்லாத நேரத்தில் அதைத் தாங்குவது கஷ்டம். ஆகவே, பேச முடிகிற நிலையில் இருக்கும் தம்பதிக்குப் பரஸ்பர சம்மத வழிதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

பரஸ்பர சம்மதத்துக்கு அதே சட்டத்தின் 13பி பிரிவு ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. இங்கேதான் நிறையப் பேர் இரண்டாவது வீடு பார்க்க ஓடி, அட்வான்ஸுக்குக் கடன் வாங்குகிறார்கள். அவசியமே இல்லை. பிரிந்து வாழ்தல் என்றால் கணவன் மனைவியாக வாழாமல் இருப்பது, ஒரே கூரையின் கீழும் அப்படி இருக்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லிவிட்டது. இரண்டு வாடகை கட்ட முடியாத தம்பதிக்கு இதைவிடப் பெரிய உதவி சட்டத்தில் இல்லை. ஆனால் தேதி முக்கியம். ‘இன்றிலிருந்து நாம் கணவன் மனைவியாக வாழவில்லை; மளிகை, கரண்ட் பில், பிள்ளை செலவு இன்னின்னார் கொடுப்பது’ என்று ஒரு மின்னஞ்சல் எழுதி, மற்றவர் ‘சரி’ என்று பதில் அனுப்பினால் போதும். மனுவில் அந்தத் தேதியைத்தான் எழுதப்போகிறீர்கள். அறைகள் தனி, வங்கிக் கணக்குகள் தனி, உறவினர் விசேஷங்களுக்குத் தனித்தனியாகப் போவது என்று நடைமுறையும் அதற்கு ஒத்திருக்க வேண்டும். முத்திரைத்தாளில் ‘பிரிந்துவிட்டோம்’ என்று எழுதி நோட்டரி முத்திரை வாங்கி வைத்துக்கொண்டு விவாகரத்து ஆகிவிட்டதாக நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்தத் தாளால் கல்யாணம் முடிந்துவிடாது. அதை நம்பி மறுமணம் செய்தால் அந்தக் கல்யாணம் செல்லாது, கிரிமினல் வழக்கும் வரும்.

இந்த ஒரு வருடக் காத்திருப்பு வீணாகப் போகிற காலம் இல்லை. கடன்களைப் பிரிக்க வேண்டியது இப்போதுதான்.

கணவன் வாங்கிய கடனுக்கு, கல்யாணம் ஆன ஒரே காரணத்துக்காக மனைவி பொறுப்பாக மாட்டார். இணைக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்திட்டிருந்தால் மட்டுமே பொறுப்பு. ஆனால் நம் ஊர்களில் இதற்கு நேர்மாறான சிக்கல்தான் அதிகம். மகளிர் குழுக் கடன், மைக்ரோஃபைனான்ஸ் கடன் எல்லாம் மனைவி பெயரில் எடுத்து, பணம் கணவனின் கடைக்கோ வண்டிக்கோ போயிருக்கும். தவணை தவறினால் வீட்டு வாசலில் வந்து உட்காருவது மனைவி பெயரைச் சொல்லித்தான். விவாகரத்து மனுவோடு வைக்கும் ஒப்பந்தத்தில் ‘கடன்களைக் கணவர் அடைப்பார்’ என்று பொதுவாக எழுதினால் வசூலிக்க வருபவரிடம் அது எடுபடாது. கடன் எண், நிலுவைத் தொகை, தவணைத் தேதி மூன்றையும் பட்டியலாக்கி, இரண்டாம் மனுவுக்கு (முதல் கூட்டு மனு போட்டு ஆறு மாதமாவது கழித்துப் போடுவது) முன் முழுவதும் அடைத்து ரசீது தரவேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். சீட்டு எடுத்தவருக்குப் போட்ட ஜாமீனையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது நகை. கஷ்டம் வந்ததும் முதலில் அடகுக்குப் போவது மனைவியின் நகைதான்; பெரும்பாலும் வங்கியில் கணவன் பெயரில்தான் வைத்திருப்பார்கள். கல்யாணத்தில் அவளுக்குப் போட்ட நகை சட்டப்படி அவளுடைய சொத்து. ஆனால் வங்கிக்குத் தெரிந்தது நகைக்கடன் சீட்டில் இருக்கும் பெயர் மட்டுமே. மூட்டுவதும், வருடம் முடிந்ததும் திருப்பி வைப்பதும் அவர் கையில். ஏல நோட்டீஸ் போவதும் அவர் முகவரிக்கு. தனியாகப் போய்விட்ட மனைவிக்குத் தன் ஆரம் ஏலத்துக்குப் போனது பல மாதம் கழித்துத்தான் தெரியவரும். உறவு ஓரளவு சுமுகமாக இருக்கும்போதே ஒவ்வொரு சீட்டையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். அதில் உருப்படிகளின் எண்ணிக்கை, மொத்த எடை, கல் அரக்கு கழித்த நிகர எடை, கடன் தொகை, கெடுத் தேதி எல்லாம் இருக்கும். கல்யாண ஆல்பத்தில் எந்தப் போட்டோவில் எந்த நகை என்று எதிரே குறித்து வையுங்கள். ஒப்பந்தத்தில் ‘நகைகளைத் திருப்பித் தருவது’ என்று மட்டும் எழுதாமல், சீட்டு எண், நிகர கிராம், மூட்டித் தரவேண்டிய தேதி என்று எழுதுங்கள். மூட்டப் பணம் இல்லையென்றால் ஒரு வழி: அசலில் முடிந்ததைக் கட்டி, அந்த நகையை மூட்டிய அன்றே மனைவி பெயரில் மறு அடகு வைத்து, மீதிக் கடனுக்கான பணத்தைக் கணவர் மாதாமாதம் தருவது. அப்போது சீட்டும் நோட்டீஸும் அவளுக்கே வரும்.

வீட்டுக் கடனில்தான் மந்தத்தின் முழு பாரமும் தெரியும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருவர் பெயரிலும் ஒரு ஃபிளாட், பாக்கிக் கடன் 48 லட்சம், வட்டி 8.5 சதவீதம், இன்னும் 18 வருடம். மாதத் தவணை சுமார் 43,500 ரூபாய். நல்ல காலத்தில் 65 லட்சம் போகும் வீட்டுக்கு இன்று 58 லட்சம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்றே விற்றால் கடன் போக 10 லட்சம் மிஞ்சும். புரோக்கர் கமிஷன் போக ஆளுக்கு ஐந்து லட்சம்கூட வராது.

ஒருவரே வீட்டை வைத்துக்கொள்வது என்றால், மற்றவரைக் கடனிலிருந்து விடுவிக்க வங்கி சம்மதிக்க வேண்டும். வங்கி ஒரே சம்பளத்தை வைத்துத் தகுதியை மறுபடி பார்க்கும். கைக்கு வரும் சம்பளம் 70,000 என்றால், அதில் பாதியான 35,000 வரை தவணை கட்டலாம் என்று ஒரு வங்கி கணக்கிட்டால், அந்தத் தவணைக்குச் சுமார் 38.6 லட்சம் கடன்தான் தாங்கும். மீதி ஒன்பதரை லட்சத்தை முன்கூட்டியே கட்டினால்தான் விடுதலை. மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்குத் தனிநபர்களிடம் அபராதம் வாங்கக்கூடாது. அது ஒரு ஆறுதல். சம்பளமே இல்லாதவருக்கு இந்தக் கதவு இப்போதைக்குத் திறக்காது.

மூன்றாவது வழி, கொஞ்ச காலம் கூட்டாகவே வைத்திருப்பது. வாடகை 20,000 வந்தால் மாதம் 23,500 கையிலிருந்து போகும். அதை யார் எவ்வளவு போடுவது, ஒருவர் தவறினால் மற்றவர் போட்ட தொகையை விற்பனையில் எப்படிக் கழித்துக்கொள்வது, எந்த விலை வந்தால் விற்பது, வராவிட்டால் எந்தத் தேதியில் கிடைத்த விலைக்கு விற்பது என்ற நான்கையும் எழுதாமல் இந்த வழியில் இறங்காதீர்கள். தேதி போடாமல் கூட்டாக வைத்திருக்கும் வீட்டால், விவாகரத்துக்குப் பிறகும் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கட்டுண்டே கிடக்க வேண்டியிருக்கும். ‘தவணையைக் கணவர் கட்டுவார்’ என்று கோர்ட் தீர்ப்பிலேயே இருந்தாலும் வங்கிக்கு இருவருமே முழுக் கடனுக்கும் பொறுப்பு. ஒரு தவணை தவறினாலும் இருவர் சிபில் ஸ்கோரும் இறங்கும். 90 நாள் தாண்டினால் வாராக்கடன், அதன்பின் அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்றி விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ், அப்புறம் ஏலம் என்று போய்விடும்.

பத்திரச் செலவில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. தமிழ்நாட்டில் கணவன் மனைவிக்குள் செட்டில்மெண்ட் பத்திரம் (விலை இல்லாமல் பங்கை எழுதிக் கொடுப்பது) எழுதினால், 2023 ஜூலை முதல் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. வழிகாட்டி மதிப்பில் 29 லட்சம் வரும் பாதிப் பங்குக்கு 39,000 ரூபாயோடு முடிந்துவிடும். தீர்ப்பு வந்தபின் நீங்கள் கணவன் மனைவி இல்லை. அப்போது கிரயப் பத்திரம் என்றால் 7 சதவீதம் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். அதே பங்குக்கு 2,61,000. ஆகவே பங்கை மாற்றுவதாக இருந்தால் தீர்ப்புக்கு முன் மாற்ற வேண்டும். ஆனால் எழுதிக் கொடுத்தபின் மற்றவர் சம்மதத்தை வாபஸ் வாங்கினால் பங்கும் போகும், விவாகரத்தும் வராது. செட்டில்மெண்ட்டைத் திரும்பப் பெறுவது எளிதல்ல. அதனால் முதல் மனுவிலேயே ஷரத்தை எழுதிவைத்து, பத்திரப் பதிவை இரண்டாம் மனுவுக்கு முந்தைய நாட்களில் வைப்பது நல்லது. வங்கியில் எம்ஓடி (பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததற்கான பதிவு) போட்ட வீடு என்றால் வங்கியின் தடையின்மைக் கடிதத்தை ஒரு மாதம் முன்னாலேயே கேட்டு வையுங்கள்.

ஜீவனாம்சம் பற்றி. வேலை இல்லாத நேரத்தில் விவாகரத்து வாங்கினால் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டாம் என்று ஆண்களுக்கு யோசனை சொல்பவர்கள் உண்டு. அது தவறான யோசனை. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் போட்ட விதிகளின்படி இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். வருமான வரிக் கணக்கும் வங்கிக் கணக்கும் பேசிவிடும். இன்றைய சம்பளம் பூஜ்ஜியம் என்றாலும் படிப்பு, அனுபவம், சம்பாதிக்கும் திறன் ஆகியவற்றை நீதிபதி பார்ப்பார். அதே தீர்ப்பின்படி ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும். தேவை உள்ளவர் மனுவைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அவருக்கே இழப்பு. நிஜமாகவே வருமானம் போன கணவருக்கும் வழி இருக்கிறது. நிலைமை மாறியதைக் காட்டித் தொகையைக் குறைக்க மனு போடலாம். இந்து திருமணச் சட்டத்தில் வருமானம் இல்லாத கணவன் சம்பாதிக்கும் மனைவியிடமும் கேட்கலாம். செய்யக்கூடாத ஒன்று, தானாகவே நிறுத்திக்கொள்வது. பாக்கி ஏறும், வாரண்டு வரும், ஜெயில்வரை போகும்.

‘எனக்கு எதுவும் வேண்டாம்’ என்று கையெழுத்திடப் போகும் பெண்ணுக்கு என் வேண்டுகோள்: தயவுசெய்து ஒரு வாரம் பொறுங்கள். வாடகை, மருத்துவம், பிள்ளைச் செலவு மூன்றையும் மாதக் கணக்காக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிள்ளைக்குச் சேர வேண்டியதை விட்டுக்கொடுக்கும் உரிமை தாய்க்கும் இல்லை, தகப்பனுக்கும் இல்லை. மொத்தத் தொகை தர இப்போது அவரிடம் பணம் இல்லையென்றால் சிறிய மாதத் தொகையில் தொடங்கி, வேலை கிடைத்த மூன்றாம் மாதத்திலிருந்து இவ்வளவு, வருடத்துக்கு இத்தனை சதவீதம் கூடுதல் என்று படியாக எழுதலாம். பள்ளிக் கட்டணத்தை மாதத் தொகையில் சேர்க்காமல், பள்ளிக்கே நேரடியாகக் கட்டுவது என்று தனி ஷரத்தாக வைத்தால் ஜூனில் சண்டை வராது.

கோர்ட்டில் நடப்பது இது. கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், மனைவி இப்போது வசிக்கும் ஊர் இவற்றில் ஒன்றிலுள்ள குடும்ப நல நீதிமன்றத்தில் கூட்டு மனு. திருமணப் பதிவுச் சான்று, பத்திரிகை, போட்டோ, அடையாள முகவரிச் சான்றுகள், ஒப்பந்த ஷரத்துகள் கூடவே வேண்டும். கவுன்சலிங் உண்டு. பிறகு குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் 18 மாதத்துக்குள் இரண்டாம் மனு. 2017இல் உச்ச நீதிமன்றம், பிரிந்து ஒன்றரை வருடம் ஏற்கெனவே கடந்து, பணமும் பிள்ளைப் பொறுப்பும் பேசி முடிந்திருந்தால் இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்றது. பணம் இறுகிய தம்பதிக்கு நான் அதை அவசரமாகக் கேட்கச் சொல்ல மாட்டேன். கடன் விடுவிப்புக்கும் நகை மூட்டவும் அந்த ஆறு மாதம் தேவைப்படும். கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் வருடச் சட்டத்தில் இரண்டு வருடம் என்று எழுதியிருக்கிறது. வக்கீலிடம் அதைத் தனியாகக் கேளுங்கள்.

தீர்ப்பு வரும்வரை சம்மதத்தை யாரும் வாபஸ் வாங்கலாம். மந்த காலத்தில் இது அடிக்கடி நடக்கக் காரணம் மனமாற்றம் அல்ல, வாக்குக் கொடுத்த தொகை புரளாததுதான். கொடுக்க முடிகிற தொகைக்கே ஒப்புக்கொள்ளுங்கள். பாதியை முதல் மனுவிலும் மீதியை இரண்டாம் மனு அன்றும் டிடியாக நீதிபதி முன் கொடுப்பது வழக்கம்.

மருத்துவக் காப்பீட்டை எல்லோரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். கணவன் கம்பெனியின் குழுக் காப்பீடு அவர் வேலையோடும் போகும், விவாகரத்தோடும் போகும். புதுப் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம்வரை காத்திருப்பு வைக்கலாம். சர்க்கரை, தைராய்டு உள்ளவர் பிரிவு பேச்சு தொடங்கிய மாதமே தன் பெயரில், பிள்ளையைச் சேர்த்து ஒரு பாலிசி எடுத்துவிட்டால், காத்திருப்பில் ஒரு பகுதி வழக்கு முடிவதற்குள் கழிந்துவிடும்.

தீர்ப்பானதும் சான்றிட்ட நகல் மூன்று வாங்குங்கள். பாஸ்போர்ட், வங்கி, பள்ளி என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்பார்கள். எல்ஐசி, பிஎஃப், வங்கி டெபாசிட், டிமேட் எல்லாவற்றிலும் நாமினி பெயரை நீங்களேதான் மாற்ற வேண்டும். தீர்ப்பு வந்ததால் தானாக மாறாது. கேஸ் இணைப்பு, குடும்ப அட்டை, பிள்ளையின் பள்ளிப் பதிவேட்டில் அவசரத் தொடர்பு எண் ஆகியவற்றையும் அதே வாரத்தில் முடித்துவிடுங்கள்.